அக்காவின் நிலமும் கிள்ளான் பால்மரமும்

கிள்ளானில் இறங்கியதும் எனக்குக் கிடைத்த முதல் காப்பி, காப்பி என்ற பெயரில் வந்த ஒரு கறுப்புக் கஷாயம். சீனர் ஒருவரின் கடை அது. துணிப்பையில் தூளைக் கொட்டி, வெந்நீரை ஊற்றி இறக்கி, பீங்கான் கோப்பையின் அடியில் டின்பாலை ஒழுகவிட்டுக் கலக்காமல் கொடுத்தார். கும்பகோணத்துக்காரன் என்ற பெருமையோடு முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் குடித்தேன். பிறகு இன்னொரு கோப்பையும் வாங்கிக் குடித்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

"இது எந்த ஊர்ப் பால்?" என்று பக்கத்து நாற்காலியில் இருந்த தமிழரைக் கேட்டேன்.

"சீமைப் பாலுங்க. டின்லதான் வரும்."

"சர்க்கரை?"

"ஜாவா."

"அரிசி?"

"ரங்கூன் அரிசி. ஐயா ஊருக்குப் புதுசா?"

புதுசுதான். ஊரைச் சுற்றிப் பால் வடிகிற மரங்கள். குடிக்கிற பாலோ கப்பலில் வருகிறது. எனக்கு இந்த ஊரை அப்போதே பிடித்துப்போய்விட்டது. கண்ணில் படுகிற எதைப் பார்த்தாலும் "இது யார் பணம்?" என்று கேட்கும் வியாதி அந்தக் கடையில்தான் என்னைப் பற்றிக்கொண்டது.

நான் வந்த காரியம் என் அக்கா மீனாட்சியுடையது. அத்தான் காலமானபோது அவளுக்கென்று மிஞ்சியது குடமுருட்டிக் கரையில் ஒரு நன்செய். பிள்ளை குட்டி இல்லை. அந்த நிலம்தான் அவளுக்குச் சோறு. சீமைச் சண்டை முடிந்து, ரப்பர் விலை ஒருமுறை படுத்து, மறுபடி எழுந்து ஓட ஆரம்பித்திருந்த சமயம் அது. எங்கள் பக்கம் வந்துபோகிற செட்டிநாட்டு முதலாளி ஒருவர், கிள்ளானில் தம் கடைக்கு ஒரு ரப்பர் தோட்டம் இருப்பதாகவும், நிலத்தை விற்றுப் பங்கு போட்டால் அக்கா உட்கார்ந்த இடத்தில் சாப்பிடலாம் என்றும் சொன்னார். நிலத்தை வாங்குவதற்கு ஆளும் தயாராக இருந்தார். அக்கா மட்டும் அசையவில்லை.

"கண்ணால பாக்காத மரத்துக்கு நெலத்தைக் குடுக்க மாட்டேன். நீ போய்ப் பாத்துட்டு வா. நீ என்ன சொல்றியோ அது" என்றாள்.

விற்கலாம் என்றால் 'யெஸ்' என்றும் கூடாதென்றால் 'நோ' என்றும் தந்தி அடிப்பதாக ஏற்பாடு. ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லைத் தேடித்தான் கடலைத் தாண்டினேன்.

தங்குவதற்கு இடம், முதலாளியின் கடை இருந்த பொதுக் கிட்டங்கியில். நீளமான ஒரு கூடம். இரண்டு பக்கமும் வரிசையாகப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியடியிலும் ஒவ்வொரு கடையின் ஆள். பகலில் அந்த இடம்தான் கடை, இரவில் அதே இடத்தில் பாய் விரித்தால் படுக்கையறை. லட்சக்கணக்கில் புழங்குகிற மனிதர்களுக்கு ஒரு தலையணையும் ஒரு சாய்மேசையும்தான் சொத்து. சாப்பாடு மட்டும் பிரமாதம். வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் போட்டார்கள். ஊரை விட்டு இத்தனை தூரம் வந்து இப்படி ஒரு துவையலா என்று மனம் இளகிவிட்டது.

முதலாளியின் கடைக்கு மேலாளாக இருந்தவர் பெயர் அண்ணாமலை. மேலாள் என்றால் கடையின் முழுப் பொறுப்பும் அவர் தலையில். முதலாளி ஊரிலேயே இருப்பார்; மேலாள் மூன்று வருஷம் இங்கே இருந்து பார்த்துவிட்டு, பொறுப்பை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு ஊர் திரும்புவார். பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்து வருகிற வழக்கம் இல்லை. அண்ணாமலைக்குத் தவணை முடிகிற நேரம். அவருக்கு மாற்றாள் ஏறிய கப்பல் வந்துகொண்டிருந்தது. அதே கப்பலில் அவரும் நானும் திரும்ப வேண்டியது.

மறுநாள் விடியற்காலையில் வாடகை மோட்டாரில் தோட்டத்துக்குப் புறப்பட்டோம். பனி விலகாத நேரத்திலேயே தோட்டத்தில் ஆட்கள் இறங்கியிருந்தார்கள். எல்லாம் நம் பக்கத்துச் சனங்கள். பெரிய மரங்கள் ஒரு பக்கம். இளமரங்கள் ஒரு பக்கம். அண்ணாமலை என்னை இளங்காட்டுக்குத்தான் அழைத்துப்போனார். "இது புதுக்காடு. உங்க அக்காவுக்குன்னு வர்ற பங்கு இதுல" என்றார். என் முழங்கையைவிடக் கொஞ்சம் பருமனான தண்டு. அதில் சாய்வாக ஒரு கீறல், கீறலின் முடிவில் ஒரு சின்னத் தகரத் தகடு, அதன் கீழே பால் பிடிக்கும் மங்கு. சொட்டுச் சொட்டாக வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டு, இழுத்தால் நூலாக நீண்டது. குழந்தைபோலச் சந்தோஷப்பட்டேன் என்பதே உண்மை. இத்தனை இளசாக இருக்கும்போதே இப்படிப் பால் தருகிறது என்றால், வளர்ந்தால் அக்காவுக்கு என்ன குறை என்று கணக்குப் போட்டேன்.

"தந்தியை இன்னைக்கே அடிச்சிடலாமுங்களா?" என்றார் அண்ணாமலை.

கோலாலம்பூரைப் பார்க்காமல் ஊர் திரும்புவதாக இல்லை, அங்கே போய் அடிக்கிறேன் என்றேன். அவர் முகத்தில் லேசாக ஒரு வாட்டம் தெரிந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திரும்பும்போது மோட்டாரின் டயர் வெடித்தது. சுற்றுவட்டாரம் முழுவதும் ரப்பர். முன்னால் ரப்பர், பின்னால் ரப்பர், கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர். ஆனால் மாற்று டயர் இல்லை. மோட்டார் ஓட்டியவர் நாகூர்க்காரர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பால் இங்கேர்ந்து சீமைக்குப் போயி, டயரா திரும்பி, சிங்கப்பூர் வந்து, அங்கேர்ந்து கிள்ளானுக்கு வரணும் பாய்" என்றார். என்னைப் பார்த்து 'பாய்' என்றது அவருடைய கவலையில் வந்தது. பழைய டயரை ஒட்டுப்போடுவதற்கு அவர் உட்கார்ந்தார். அண்ணாமலை ஒரு மரத்தடியில் துண்டை விரித்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் சும்மா இருக்கிற ஜாதியில்லை. எதிரே இருந்த வாய்க்காலைத் தாண்டி அந்தப் பக்கம் போனேன்.

அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் தோட்டம். மரங்கள் படை வகுத்தாற்போல நின்றன. நான் காலையில் பார்த்த அதே பருமனில் ஓர் இளங்காடு அங்கேயும் இருந்தது. ஆனால் ஒரு மரத்திலும் கீறல் இல்லை, மங்கு இல்லை. களை வெட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம், இந்த மரங்களுக்கு ஏதாவது சீக்கா என்று கேட்டேன்.

"சீக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க. இன்னும் பால்வெட்டுக்கு வரல."

"எப்போது வரும்?"

"அது துரைக்குத்தான் தெரியும். இன்னும் ரெண்டு மூணு தீவாளி போவும்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள்.

தோட்டத்துக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, சைக்கிளில் வந்தார். திருச்சிக்காரர். ஊர்ப் பேச்சு எடுத்தவுடன் சைக்கிளைச் சாத்திவிட்டார். என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"யார் பணமா? லண்டன்ல பங்கு வாங்கினவங்க பணம். பாதிரியார், பென்ஷன் வாங்குற பட்டாளத்துக்காரர், புருஷன் இல்லாத பொம்பளைங்க, எல்லாரும் இருக்காங்க. இந்த மண்ணு என்ன நிறம்னுகூட அவங்களுக்குத் தெரியாது."

"முதலிலிருந்தே ரப்பர்தானா?"

"மொதல்ல காப்பிங்க. காப்பி விலை விழுந்ததும் அதைப் புடுங்கிட்டு ரப்பர். இப்ப வேற பக்கம் எண்ணெய்ப்பனை வச்சுப் பாக்குறாங்க. எது ஓடுதோ அங்க பணம் வரும். ஆனா வந்த பணம் உக்காந்து காத்திருக்கும். அதான் அவங்க வழக்கம்."

லண்டனிலும் ஒரு மீனாட்சி அக்கா இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் மரத்தைப் பார்க்க யாரையும் அனுப்பவில்லை. மரம் பால் தருகிற வரைக்கும் அவளுக்குச் சோறு வேறு எங்கிருந்தோ வருகிறது. ஏதோ ஒன்று உறுத்தியது. ஆனால் என்னவென்று அப்போது பிடிபடவில்லை. மோட்டார் ஓட்டியவர் கூப்பிட்டார், ஓடிவந்துவிட்டேன்.

அடுத்த நாள் கோலாலம்பூர் ரயிலில் எதிரே உட்கார்ந்தவர் கதிரவேலு. யாழ்ப்பாணத்தவர், ரயில்வே குமாஸ்தா. வெளுத்த கோட்டும் சந்தனப் பொட்டுமாக இருந்தார். வழியெல்லாம் நான் கேட்டுக்கொண்டே வந்தேன், அவர் சலிக்காமல் சொல்லிக்கொண்டே வந்தார். மண்ணைக் கிண்டி மலையாகக் குவித்திருந்த இடங்கள் ஈயச் சுரங்கங்கள். கூலிப்பட்டாளத்தோடு தவுக்கேக்கள் என்கிற சீன முதலாளிகள் தோண்டியது ஒரு காலம். இப்போது இங்கிலீஷ் கம்பெனிகள் பெரிய பெரிய யந்திரத்தை மிதக்கவிட்டு மண்ணை அள்ளுகின்றன.

"இந்தப் பாதையே ஈயத்துக்கெண்டு போட்டதுதான்" என்றார் கதிரவேலு. "இப்ப ரப்பர்தான் கூடப் போகுது. நாளைக்கு என்ன போகுமோ ஆருக்குத் தெரியும். பெட்டி மாத்திரம் அதே பெட்டி."

கோலாலம்பூர் ரயிலடியைப் பார்த்து, இது மசூதியா அரண்மனையா என்று திகைத்து நின்றேன். கூம்பும் வளைவுமாக அத்தனை அழகு. கும்பகோணத்து ரயிலடியில் நாம் மூட்டையும் முடிச்சுமாகத் தகரக் கூரையின் கீழ் வேகிறதை நினைத்துக் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகக்கூட இருந்தது. தந்தி ஆபீஸ் எங்கே என்று கேட்டேன். "அது ஓடிப்போகாது. முதல்ல சாப்பிட வாங்கோ" என்று கதிரவேலு தம்மோடு என்னையும் ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டார். ரிக்ஷா இழுத்த சீனர் பாதி வழியில் நின்று, எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்து, ஏதோ சொன்னார். "ஓராள்தான் ஏறோணுமாம், நீங்கள் மெலிஞ்ச ஆள் எண்டு நான் பொய் சொல்லிப்போட்டன்" என்றார் கதிரவேலு. நான் இறங்கி நடந்தேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வேக்காரர்களின் குடியிருப்பு. ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக. முன்னொரு காலத்தில் இங்கேதான் ஊருக்கே செங்கல் சுட்டார்களாம். "இந்த ஊரிலை மண் மாத்திரம் உள்ளூர்ச் சாமான்" என்று சிரித்தார். சிவப்பரிசிச் சோறு, தேங்காய்ப்பால் விட்ட சொதி, கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். சொதியை நான் இரண்டு முறை வாங்கிக் குடித்தேன். சோற்றில் விட்டுப் பிசைய வேண்டுமாம். அவருடைய மனைவி தங்கம்மா அதைச் சொல்லாமல் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

கை கழுவக் கொல்லைப்புறம் போனபோது வேலியோரத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு மாங்கன்று நின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து ஓலைப்பெட்டியில் வைத்து மடியில் ஏந்திக் கொண்டுவந்த ஒட்டுக்கன்றாம். உச்சியில் கொத்துக்கொத்தாகப் பூத்திருந்தது. தங்கம்மா என் கண்ணெதிரே அந்தப் பூவையெல்லாம் கிள்ளிக் கீழே போட்டார்.

"ஏனம்மா, நன்றாகத்தானே பூத்திருக்கிறது?"

"இப்ப காய்க்கவிட்டா மரம் தேறாது. இன்னும் ரெண்டு மூண்டு வருசம் போகட்டும்."

"இது சர்க்கார் வீடுதானே? அதற்குள் மாற்றல் வந்துவிட்டால்?"

"ஈப்போவுக்கு மாத்தப் போகினம் எண்டு இப்பவே ஒரு கதை அடிபடுது" என்றார் கதிரவேலு.

"வாறவை சாப்பிடட்டுமன்" என்றார் தங்கம்மா, மிச்சப் பூவையும் கிள்ளிக்கொண்டே.

ஈரக் கையோடு அப்படியே நின்றேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் அக்காவும் இதையேதான் செய்வாள். கன்று முதலில் பூத்த வருஷம் நான் போய்க் கெஞ்சினாலும் ஒரு பிஞ்சுகூட விடமாட்டாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெட்டாமல் நின்ற மரங்களும், இந்தப் பக்கம் அதே பருமனில் பால் சொட்டிக்கொண்டு நின்ற மரங்களும் என் கண்முன் வந்தன. நான் குழந்தைபோலச் சந்தோஷப்பட்டுத் தொட்டுப் பார்த்த பால், முதல் பூ. தந்தி ஆபீசுக்குப் போகாமல் கிள்ளானுக்கே ரயிலேறினேன்.

கிட்டங்கியில் அண்ணாமலை தம் பெட்டியடியில் தனியாக இருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. அந்த இளமரங்களுக்கு வெட்டுப் பருவம் வந்துவிட்டதா என்று கேட்டேன். மாங்கன்றைப் பற்றியும் சொன்னேன்.

"வரலைங்க" என்றார். "எனக்குத் தெரியாதுன்னா நெனைக்கிறீக? இப்ப வெட்டுனா பட்டை ஆறாது, முடிச்சு முடிச்சா போகும். அப்புறம் பெரிய மரமானாலும் பால் குறைச்சல்தான்."

"தெரிந்துமா?"

"எனக்கு முன்னால இருந்தவுக மரத்தை நட்டாக. இத்தனை மரம் நட்டேன்னு முதலாளிகிட்டக் காட்டுனாக. நான் என்னத்தைக் காட்டுறது? மரம் வளந்துச்சுன்னா? அது தானாத்தான் வளருது. மூணு வருஷம் இருந்ததுக்கு ஏதாச்சும் கையில காட்டணும்ல. பால் வருதுன்னா, பேரு எனக்கு. பங்குக்கு ஆளும் வரும். அடுத்த தடவை நல்ல சம்பளத்துல அனுப்புவாக."

எனக்குக் கோபம் வந்தது. அது அக்காவின் சோறு. கொஞ்சம் கடுமையாகவே, மரத்துக்கு வேண்டிய காலம்வரை ஒரே ஆளாக இங்கே இருந்துவிட்டால் என்ன, வெள்ளைக்காரன் காத்திருக்கவில்லையா என்றேன்.

"வெள்ளைக்காரத் துரை பங்களாவுல அவன் சம்சாரம் இருக்கா, பாத்தீகளா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "மூத்தவன் பொறந்தப்ப நான் இங்க இருந்தேன். தவணை முடிஞ்சு போய் வாசல்ல நிக்கிறேன். என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, உள்ள ஓடி, 'ஆத்தா, யாரோ வந்திருக்காக'ங்கிறான். எங்க பக்கம் அப்பனை அப்பச்சின்னு கூப்பிடுவாக. அந்தச் சொல்லு அவன் வாயில வர ரொம்ப நாளாச்சு. இந்தத் தடவை கெளம்பும்போது சின்னவன் வயித்துல. இன்னும் நான் பாக்கல. மரத்துக்காக இன்னும் ஒரு தவணை இருங்கன்னு சொல்றீகளா?"

கோபம் போன இடம் தெரியவில்லை. லண்டன் பணத்துக்குக் காத்திருக்கத் தெரியும், ஏனென்றால் அதற்கு யாரும் வாசலில் காத்திருக்கவில்லை. இந்தச் செட்டிநாட்டுப் பணத்தோடு ஒரு மனிதரும் வந்து பாய் விரித்துப் படுக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே மண்ணில்தான் மரம் நடுகின்றன.

ஆனாலும் அக்காவின் சோறு அக்காவின் சோறுதான். மறுநாள் காலையில் கிள்ளான் தந்தி ஆபீசில் 'நோ' என்று எழுதிக் கொடுத்தேன். வழி காட்டுவதற்கு அண்ணாமலையே கூட வந்தார். நான் எழுதியதைப் பார்த்தார். வெளியே வந்து மங்குஸ்தான் பழம் வாங்கினார். ஊதாத் தோலை உடைத்துச் சுளையை எனக்குக் கொடுத்தார். அதன் ருசியை நான் இங்கே வர்ணிக்கப்போவதில்லை. அன்று அது எனக்கு ருசிக்கவில்லை.

கப்பலில் ஒருநாள், தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு இருந்தபோது அவராகவே பேச்செடுத்தார்.

"கெளம்புற அன்னைக்குத் தோட்டத்துக்குப் போனேன். அந்த எளங்காட்டுல மங்குகளை எல்லாம் கவுத்து வைக்கச் சொல்லிட்டேன்."

மங்குகளைக் கவிழ்த்து வைத்தால் மரத்துக்கு ஓய்வு, வெட்டு இல்லை என்று அர்த்தம்.

"முதலாளி கேட்டால்?"

"கேப்பாக. பால் எங்கன்னு கேப்பாக. காட்டுறதுக்கு ஒண்ணுமில்லன்னுதான் சொல்லணும்."

"வந்திருக்கிற மாற்றாள் திரும்ப நிமிர்த்திவிட்டால்?"

"நிமித்தலாம். அவனும் மூணு வருஷத்துக்கு வந்த ஆளுதானே" என்றார். "ஆனா நிமித்துறதுக்கு முன்னால, ஏன் கவுத்தாகன்னு ஒரு நிமிஷம் யோசிப்பான்ல."

பிறகு பெட்டியைத் திறந்து ஒரு சிவப்புப் பந்தை எடுத்துக் காட்டினார். சின்னவனுக்காம். சீமையில் செய்த ரப்பர் பந்து, கோலாலம்பூர்க் கடையில் வாங்கியது. தளத்தில் ஒருமுறை தட்டிப் பார்த்தார். கடலில் போய்விடுமோ என்ற பயத்தில் உடனே பிடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். நாகப்பட்டினத்தில் அவருக்கு ஒரு பக்கம், எனக்கு ஒரு பக்கம். கும்பிட்டுப் பிரிந்தோம்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டின்பாலிலிருந்து சிவப்புப் பந்துவரை ஒன்றையும் விடவில்லை. அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். தங்கம்மா பூவைக் கிள்ளிய இடத்தில் மட்டும் முறத்தை நிறுத்தி, "அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்" என்றாள். நான் சொல்லி முடித்ததும், "சரி, நெலம் இருக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான், அதற்காகத்தான் கடல் தாண்டினேன்.

கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள். "அந்தச் சின்னப் புள்ள அவரைப் பாத்து அப்பச்சின்னுச்சா?"

தெரியவில்லை என்றேன்.

"பால் யாருது, பாதை யாருதுன்னு ஒரு ஊரையே கேட்டுட்டு வந்திருக்க. இதைக் கேக்கணும்னு தோணல பாரு."

அன்று சாயங்காலமே அண்ணாமலைக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். அக்கா நிலத்தைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. தபால்காரர் தெருவில் திரும்புகிற நேரத்துக்கு மட்டும், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்கிறாள்.